மாதச் சம்பளம் இல்லாத ஊரில் நிதி ஆலோசகர்

குடும்ப நிதித் திட்டமிடல் என்பது ஒரு வீட்டின் வருவாய், செலவு, கடன், காப்பீடு, சேமிப்பு, முதுமைக்கால ஏற்பாடு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எந்தப் பணம் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் தொழில். இதற்கெனத் தனிப் பெயரும் பாடத்திட்டமும் ஏற்பட்டது அமெரிக்காவில். 1969 டிசம்பரில் சிகாகோவில் கூடிய பதின்மூன்று பேர் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1973-ல் முதல் அணியாக 42 பேர் பயிற்சி முடித்துச் சான்றிதழுடன் வெளிவந்தனர். இந்தியாவுக்கு அந்தச் சான்றிதழ் வந்து சேர்ந்தது 2000-களின் தொடக்கத்தில். பாடத்தோடு, அந்தப் பாடம் மனத்தில் வைத்திருந்த குடும்பமும் சேர்ந்தே வந்தது. அந்தக் குடும்பத்துக்கு மாதத்தின் முதல் தேதியில் சம்பளம் வருகிறது, ஏழாம் தேதி வீட்டுக்கடன் தவணை போகிறது, பத்தாம் தேதி முதலீட்டுத் தவணை கழிகிறது, ஆறு மாதச் செலவுக்கு ஈடான தொகை அவசர நிதியாகத் தனியே கிடக்கிறது. கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டியுள்ள குமராட்சி வட்டாரத்தில் இந்தக் கணக்கின் முதல் வரியே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது. அங்கே இந்தத் தொழிலைச் செய்பவரின் திறமை, எந்தத் திட்டம் நல்லது என்று தேர்ந்தெடுப்பதைவிட, பணம் கைக்கு வரும் நாளையும் கையை விட்டுப் போகும் நாளையும் பொருத்தி வைப்பதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருத்தத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, திட்டத்தை விற்றால்தான் கூலி. இத்தொழிலின் ஏற்ற இறக்கங்களும், அதைச் செய்பவர்களின் சொந்த ஈடுபாடுகள் தொழிலோடு பின்னிக் கிடப்பதும் இந்த ஒரு முரணிலிருந்தே விளங்கும்.

குமராட்சி, சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். 2020-ல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்திலிருந்து சேர்க்கப்பட்ட ஐந்து ஒன்றியங்களுள் அதுவும் ஒன்று. மற்றவை காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை. எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற குறிப்பிட்ட புதிய தொழில்களுக்கு அந்தப் பரப்பில் இடமில்லை என்பது சட்டத்தின் சாரம். நிதி ஆலோசகரின் மொழியில் இதைச் சொன்னால், இப்பகுதிக் குடும்பங்களின் வருவாய் இன்னும் ஒரு தலைமுறைக்காவது நெல்லையும் உளுந்தையுமே பெரிதும் நம்பியிருக்கும் என்று பொருள்.

நெல்லின் நாட்காட்டி நீரின் நாட்காட்டி. ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. அந்த நீர், ஆர்தர் காட்டன் காலத்தில் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட கீழணையை வந்தடைந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் வழியாகச் சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் பிரிகிறது. கடைமடை, அதாவது பாசனக் கால்வாயின் வால்பகுதி என்பதால் தண்ணீர் பிந்தியே வரும். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் குறுவை போடுவார்கள், மற்றவர்களுக்குச் சம்பாதான் ஆண்டின் ஒரே பெரிய வெள்ளாமை. ஆடியில் உழவும் விதையும், ஆவணி புரட்டாசியில் நடவும் உரமும், ஐப்பசியில் களையெடுப்போடு தீபாவளியும் வருகின்றன. கார்த்திகையில் மழை பெய்தாலும் பயம், பெய்யாவிட்டாலும் பயம். தையில் அறுவடை நடக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை இறக்கி, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும்போது மாசி ஆகிவிடும். அறுவடைக்குச் சில நாள் முன்பு நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே தெளித்துவிட்ட உளுந்தும் பச்சைப்பயறும், பனி ஈரத்தில் வளர்ந்து, பங்குனி சித்திரையில் இன்னொரு சிறு தொகையைத் தருகின்றன. அதற்குப் பின் அடுத்த மாசி வரை பெரிய வரவு எதுவும் இல்லை.

இந்த ஓட்டத்தின் மேல் மாதாந்தரத் திட்டம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எளிய உதாரணம் போதும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம் 2015-ல் தொடங்கப்பட்டது. 18 முதல் 50 வயது வரையுள்ள, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவரும் சேரலாம், ஆண்டுக்கு ரூ.436 கட்டினால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட மலிவான ஆயுள் காப்பீடு சந்தையில் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இதன் ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிகிறது. தவணை மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது. சம்பளக்காரருக்கு அது ஒரு சாதாரண வாரம். கொள்ளிடக்கரை விவசாயிக்கோ நெல் பணம் கடனுக்கும் குத்தகைக்கும் போய், உளுந்துப் பணம் கோடைத் திருமணங்களுக்குப் போய், பள்ளி திறப்பதற்கு முன்பாகக் கணக்கு வறண்டு நிற்கக்கூடிய வாரம் அது. கணக்கில் 436 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு ஓசையின்றி அறுந்துவிடும். அறுந்தது தெரிய வருவது பெரும்பாலும் சாவு விழுந்த பிறகுதான். விவரமான ஆலோசகர் ஒருவர் இங்கே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, மே 20-ம் தேதியை ஒட்டித் தம்மிடம் உள்ள வீடுகளுக்கெல்லாம் தொலைபேசியில் அழைத்து, கணக்கில் ஐந்நூறு ரூபாய் போட்டு வைக்கச் சொல்வதே. அந்த அழைப்புக்கு எந்த நிறுவனமும் அவருக்குப் பணம் தராது.

எஸ்.ஐ.பி. எனப்படும் மாதாந்தர முதலீட்டுத் தவணைக்கும் இதே கதிதான். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போட ஒப்புதல் கொடுத்த விவசாயிக்கு மாசி, பங்குனி, சித்திரையில் தவணை கழியும், ஆடியிலிருந்து திரும்பும், திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் பிடிக்கும். இதற்கு மாற்று, மாசியில் மொத்தமாகப் பன்னிரண்டாயிரத்தை ஏற்ற இறக்கம் மிகக் குறைந்த லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதம் ஆயிரமாகப் பங்குசார் ஃபண்டுக்கு மாற்றிக்கொண்டே வருவது. செய்வது கடினமில்லை, எடுத்துச் சொல்வதற்குத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும்.

இந்த மாலைப்பொழுதின் விலை என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இங்குள்ள நிதி ஆலோசகரின் தொழில் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். சிற்றூர்களில் இத்தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் எல்.ஐ.சி. முகவர் என்ற வாசல் வழியாகவே வருகிறார்கள். 1956 செப்டம்பர் 1-ல் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றிணைத்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைக்கப்பட்டபோது, நகரங்களில் தங்கிவிட்ட காப்பீட்டைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது, கொண்டுபோனவர் முகவர். பள்ளி ஆசிரியரின் மனைவி, உரக்கடைக்காரர், ரேஷன் கடை ஊழியரின் தம்பி, பட்டம் படித்துவிட்டு நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் இளைஞர் என்று பலரும் ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு தேர்வு ஆகியவற்றைக் கடந்து இந்தப் பையைத் தூக்குகிறார்கள். சில ஆண்டுகளில் ஓரளவு நிலைத்தவர்கள் மேலும் ஒரு தேர்வு எழுதி மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராகப் பதிவு பெறுகிறார்கள். வாகனக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்துகொள்கின்றன. அஞ்சலகத்தில் பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்குத் தொடங்குவதற்குப் படிவம் நிரப்பித் தருவது வரை வேலை விரிகிறது.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிலேயே காட்டிவிடுவது நல்லது. ஆண்டுக்கு ரூ.30,000 தவணையில் இருபதாண்டு சேமிப்புக் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை முகவர் விற்றால், நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விகிதப்படி, முதலாண்டு கமிஷன் 25 விழுக்காடு, அதாவது ரூ.7,500, தகுதியுள்ளவருக்கு அதன் மேல் ஊக்கத்தொகையும் உண்டு. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஏழரை விழுக்காடு, அதன் பின் ஐந்து விழுக்காடு. 2024 அக்டோபரில் பாலிசியைப் பாதியில் ஒப்படைப்போருக்குத் திரும்பத் தரும் தொகையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உயர்த்தியதையடுத்து, முதலாண்டில் குறைத்துப் பிந்தைய ஆண்டுகளில் கூட்டும் மாற்றம் வந்தது; ஆனாலும் முதலாண்டின் பங்கே இன்னும் பெரிது. இதே முகவர் அந்த விவசாயியை ஜீவன் ஜோதியில் சேர்த்துவிட்டால் அவருக்குச் சேரக்கூடியது 30 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. தொடங்கி வைத்தால், 2018-க்குப் பின் முன்பணக் கமிஷன் தடைசெய்யப்பட்டு, இருப்பில் உள்ள தொகையின் மேல் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு அளவில் கமிஷன் வருவதால், முதலாண்டில் கிடைப்பது அறுபது, அறுபத்தைந்து ரூபாய். ஏழாயிரத்து ஐந்நூறு, முப்பது, அறுபத்தைந்து என்ற இந்த மூன்று எண்களையும் பார்த்தபின், கிராமத்து வீடுகளின் பீரோக்களில் சேமிப்புப் பாலிசிப் பத்திரங்கள் மட்டும் ஏன் கட்டுக்கட்டாக இருக்கின்றன என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை. முகவரின் ஒழுக்கத்தைக் குறை சொல்வது சுலபம். பெட்ரோலுக்கும் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் அந்த முப்பது ரூபாய் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபின் குறை சொல்வதே நியாயம்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2013-ல் முதலீட்டு ஆலோசகர் விதிகளைக் கொண்டுவந்து, வாடிக்கையாளரிடமிருந்து நேரடியாகக் கட்டணம் பெற்று ஆலோசனை சொல்பவரையும், கமிஷன் பெற்று விற்பவரையும் பிரித்தது. 2020-ல் அந்தப் பிரிவினையை இறுக்கி, விநியோகஸ்தர்கள் தங்களைச் சுயேச்சையான நிதி ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்றது. பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் இந்தியா முழுவதற்கும் ஆயிரம் பேர் அளவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில். ஆகவே சட்டத்தின் கண்ணில் குமராட்சியில் இருப்பவர் விற்பனையாளர். ஊரின் கண்ணிலோ, மகளுக்கு எந்த வயதில் எவ்வளவு நகை சேர்க்கலாம், அடமானத்தை மீட்பதா மாடு வாங்குவதா என்றெல்லாம் கேட்கத்தக்க மனிதர் அவரே. சட்டம் மறுத்த பெயரை ஊர் அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

மார்ச் மாதம் இந்த முரணைக் கூர்மையாக்குகிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால் முகவர்களின் இலக்குகள் எல்லாம் அந்த மாதத்தில் நெருக்குகின்றன. அதே மாசி பங்குனியில்தான் விவசாயியின் கணக்கில் நெல் பணம் கிடக்கிறது. முகவருக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடைக்காது. விவசாயிக்கு இதைவிட ஆபத்தான பொருத்தமும் கிடைக்காது. ஏனெனில் கணக்கில் தெரியும் அந்தத் தொகையில் பயிர்க்கடன், குத்தகை, உரக்கடைப் பாக்கி, நகை மீட்பு, அடுத்த விதைப்பு ஆகியவற்றுக்கானது போக மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பாலிசி வாங்கியே தீர வேண்டுமென்றால் அதை மாசியில் தொடங்குவதே நல்லது. ஆண்டுத் தவணை ஒவ்வொரு மாசியிலும் வரும். கையில் பணமும் இருக்கும். புரட்டாசியில் தொடங்கிய பாலிசி, முதல் தவணையை யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டியதாக இருக்கும். இரண்டாம் புரட்டாசியில் காலாவதி ஆகும்.

கொள்ளிடத்தில் 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் வந்த பெருவெள்ளங்களும், அவற்றுக்கு முன் 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலும், 2015 நவம்பர் மழையும், எந்தக் கணக்கையும் ஓராண்டுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை என்று இம்மாவட்டத்துக்குக் கற்பித்திருக்கின்றன. இங்கே பயிர்க் காப்பீடு என்பது ஆயுள் காப்பீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய காப்பீடு. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குறுவைக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, சம்பாவுக்கு 1.5 விழுக்காடு, மீதியை அரசுகள் ஏற்கின்றன. சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ கெடுவுக்குள் போக வேண்டும். அடங்கலில் உள்ள புல எண்ணும், உட்பிரிவும், பரப்பும் பதிவில் ஒத்துப்போக வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவும், வாய்மொழிக் குத்தகையும் இந்த இடத்தில்தான் தலைவலியாகின்றன. எல்லாம் சரியாக இருந்தாலும் இழப்பீடு கிராம அளவிலான மகசூலைக் கொண்டு முடிவாகிறது: சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து கண்ட சராசரி, உத்தரவாத மகசூலுக்குக் கீழே இறங்கினால்தான் அந்தக் கிராமத்துக்கே இழப்பீடு. தாழ்ந்த வயலில் முழுதும் மூழ்கியவனுக்கு, மேட்டு வயல்காரனின் விளைச்சல் தடையாக வந்து நிற்கும் விசித்திரம் இதனால் ஏற்படுகிறது. இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லும் ஆலோசகர், பின்னால் வரும் ஏமாற்றத்தில் வசவு வாங்காமல் தப்பிக்கிறார். கமிஷன் கணக்கில் அவருக்கு இதனாலும் ஒன்றுமில்லை.

கடன் பக்கம் வந்தால் நல்ல ஆலோசனையே கேலிக்கு ஆளாவதும் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டுவோருக்கு வட்டி இல்லை. ஆகவே மாசியில் முதலில் கட்ட வேண்டியது அந்தக் கடன் என்பதில் எந்தப் பாடநூலுக்கும் கருத்து வேறுபாடு இராது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் ரூ.12,110 கோடி தள்ளுபடியாயின. அதே ஆண்டில் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களும் நிபந்தனைகளோடு தள்ளுபடியாயின. ஒழுங்காகக் கட்டியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; கட்டாதவர்கள் நகையோடு வீட்டுக்குப் போனார்கள். தள்ளுபடி தேவையான காலம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடனைக் கட்டச் சொல்லும் ஆலோசகரை நோக்கி, தேர்தல் எப்போது சார் என்று திண்ணையிலிருந்து ஒருவர் கேட்டால், விடை சொல்வது எளிதன்று.

ஆலோசகருக்குப் போட்டியாக நிற்பவை வங்கிகள் அல்ல, சீட்டுகள். ஏலச்சீட்டில் குழுவாகப் பணம் போட்டு, மாதந்தோறும் யார் அதிகம் தள்ளி எடுக்கிறாரோ அவருக்கு மொத்தத் தொகையைக் கொடுத்து, தள்ளிய பணத்தைக் கழிவாக மற்றவர்களுக்குப் பங்கிடுகிறார்கள்; சேமிப்பும் கடனும் ஒரே ஏற்பாட்டில் அடங்கிய இந்த அமைப்பு, பதிவு பெற்ற சீட்டாக 1982-ம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தால் மதிக்கத்தக்கது. பதிவு பெறாத தீபாவளிச் சீட்டு, ஊர்ப் பழக்கத்தின் பலத்தில் மட்டும் ஓடுவது. நகைக்கடைச் சீட்டுகள் பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு நிற்பதற்குக் காரணம், பொருளுக்காகப் பெற்ற முன்பணம் 365 நாட்களைத் தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்ற நிறுவனச் சட்ட விதி. மக்களோ அதைப் பன்னிரண்டாவது மாதம் கடைக்காரர் தரும் சலுகை என்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதிக வட்டி காட்டிப் பணம் திரட்டி மூழ்கியவற்றைச் சமாளிக்கத் தமிழ்நாடு 1997-லேயே முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிவிட்டது. ஆயினும் அப்படிப்பட்ட திட்டங்கள் கிராமத்துக்குள் வரும்போது அந்நியர் முகத்தோடு வருவதில்லை, தெரிந்த முகவரின் பையில்தான் வருகின்றன. இத்தொழிலில் ஒருவருடைய இருபதாண்டு நற்பெயரை ஒரே பருவத்தில் அழிக்கக்கூடிய சோதனை இதுதான்.

மாதச் சம்பளக்காரர்களே இப்பகுதியில் இல்லை என்று கொள்ளக் கூடாது. அரசு ஊழியர்கள், நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் என்று மூன்று பெரிய பிரிவினர் உள்ளனர். ஆலோசகர்கள் முதலில் நாடுவதும் அவர்களைத்தான். 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் 2012 இறுதியில் நிதி நெருக்கடியில் சிக்கி, ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் பேசப்பட்டு, போராட்டங்கள் வெடித்து, 2013-ல் தனிச் சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. கூடுதலாக இருந்த ஊழியர்கள் பலர் பிற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டனர். ஆறு மாத அவசர நிதி என்னும் பாடநூல் வரி, அந்த ஓராண்டில் சிதம்பரத்தில் பாடநூலிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தது. லால்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் குடும்பங்களின் கணக்கு வேறு விதமானது. வெளிநாடு சென்றவுடன் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பதும், வட்டியை மார்க்கக் காரணத்தால் ஒதுக்குவோர்க்கு வைப்புநிதியைக் காட்டிப் பயனில்லை என்பதும் அங்கே ஆலோசகர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை.

இனி ஈடுபாடுகள். நகரத்து நிதி ஆலோசகரின் தன்விவரத்தில் பயணம், ஓட்டம், புகைப்படம் என்று தொழிலுக்குத் தொடர்பில்லாத பட்டியல் ஒன்று கடைசியில் வரும். குமராட்சிப் பக்கத்தில் அப்படிப் பிரித்து எழுத முடியாது. அவர் தாமே ஒன்றிரண்டு காணி நிலத்தில் சம்பா போடுபவராக இருப்பார். தம் வயலில் புகையான் தாக்கினால் வாடிக்கையாளர்களின் தவணைகள் எந்த மாதத்தில் தடுமாறும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் தில்லைக்குப் போவார்; 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பார்; ஊர்க் கபடிக் குழுவுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருப்பார். இவற்றை வாடிக்கையாளர் பிடிக்கும் உத்தி என்று சுருக்கிவிடுவது பாதி உண்மைதான். ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதும், இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நெருங்குகிறது என்பதும் படிவங்களில் வருவதில்லை. தேர் நிலைக்கு வரும் வரை காத்திருக்கும் பேச்சில்தான் வரும். அதேசமயம் இந்த நெருக்கம் ஒரு சுமையும் ஆகும். கோயில் திருப்பணிக் குழுவில் ஒன்றாக இருப்பவரிடம், உங்களுக்கு இந்தப் பாலிசி தேவையில்லை என்றும் சொல்ல முடியாது, கட்டணம் கொடுங்கள் என்றும் கேட்க முடியாது.

நிதியும் கலையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது இந்த நிலத்துக்குப் புதிதன்று. 1947 நவம்பர் 26-ல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்த ஆர்.கே.சண்முகம் செட்டியார், 1950-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். தமிழிசை இயக்கத்தோடு நின்றவர். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் உலக நாணய ஏற்பாடுகளைப் பற்றிய விவாதத்தில் இந்தியக் குழுவில் அமர்ந்த ஒருவர், காவிரி கடலில் கலக்கும் பட்டினத்து வணிகக் குடும்பம் ஒன்றின் வீழ்ச்சிக் கதைக்கு உரை எழுத உட்கார்ந்ததைத் தற்செயல் என்று கடந்துபோக வேண்டியதில்லை. முன்னோர் தேடிய செல்வத்தை எல்லாம் இழந்து திரும்பும் கோவலனிடம் கண்ணகி தன் சிலம்புகளைத் தர முன்வரும் இடம் அந்தக் காண்டத்தில்தான் வருகிறது. அதை விற்று முதலாக்கி, இழந்ததை மீட்பதென்று இருவரும் மதுரைக்குப் புறப்படுகிறார்கள். நிதி ஆலோசகரின் கண்ணால் படித்தால் அதற்கு முந்தைய செலவுகளைவிட இந்த முடிவே கவனத்துக்குரியது: எஞ்சிய ஒரே சொத்து, தெரியாத ஊர், விலை சொல்ல ஒரே ஆள், அந்த ஆளும் குற்றவாளி. நெருக்கடியில் நகையை விற்கப் போகும் வீட்டாரிடம், இரண்டு கடைகளிலாவது எடை பார்க்கச் சொல்லும் ஆலோசகர் யாராக இருந்தாலும், அவர் அந்தக் காதையை அறிந்தோ அறியாமலோ அதன் பக்கத்தில்தான் நிற்கிறார். குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா இந்தியன் வங்கி ஊழியர் என்பதையும் இங்கே நினைவூட்டலாம்; பேரேடு எழுதிய கையால் பாட்டு வராது என்பது பேரேடு எழுதாதவர்களின் எண்ணம்.

இந்தக் கட்டுரை ஆலோசகரைப் பற்றியது என்றாலும், இவ்வட்டாரத்தில் பருவத்துக்கேற்ற பணத்திட்டத்தை மிகச் சரியாகச் செய்பவர்கள் அந்தப் பெயரை ஒருபோதும் கேட்காதவர்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1989-ல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், ஊக்குநர் என்று அழைக்கப்படும் பெண் ஒருவர் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு மூன்றையும் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு முதல் இருபது வீடுகளின் வரவும் செலவும் எந்த வாரத்தில் முட்டும் என்பதை அறிந்திருக்கிறார். நடவுக் கூலி வரும் வாரத்தில் சந்தாவை வசூலித்து, வேலையில்லாத வாரத்தில் உள்கடன் கொடுப்பது, எந்தச் சான்றிதழ்ப் பாடத்திலும் இல்லாத நேர்த்தி. கமிஷன் இல்லை என்பதால் அவருடைய ஆலோசனையில் சாய்வும் இல்லை. குறை ஒன்றே: குழுவின் எல்லைக்கு அப்பால் உள்ள காப்பீடும் நீண்டகால முதலீடும் அவர் கைக்கு எட்டுவதில்லை, அங்கே அவரும் பையோடு வரும் முகவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

செபி 2024 டிசம்பரில் திருத்திய விதிகள் இந்த இடைவெளியில் ஒரு சிறு கதவைத் திறந்திருக்கின்றன. வேறு தொழிலில் இருப்பவரும் உரிய தேர்வுகளை எழுதிப் பகுதிநேர முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெறலாம். வாடிக்கையாளர்கள் 75 பேரைத் தாண்டக் கூடாது. முன்பிருந்த நிகரமதிப்பு நிபந்தனைக்குப் பதிலாக ஒரு லட்ச ரூபாய் வைப்புத்தொகை போதும். ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கோ, கல்லூரியில் வணிகவியல் கற்பிப்பவருக்கோ இது எட்டாத ஏற்பாடன்று. விதிகள் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு ரூ.1.51 லட்சம் வரை கட்டணம் பெற இடம் தருகின்றன. குமராட்சியில் ஈராயிரம் ரூபாய் கேட்டாலே பெரிது. 75 வீடுகளிடம் ஈராயிரம் வீதம் வாங்கினால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். தேர்வு, பதிவு, புதுப்பிப்புச் செலவுகள் போக மாதத்துக்குப் பத்தாயிரம் அளவில் மிஞ்சும். வாழப் போதாது, ஆனால் பகுதிநேரத்துக்கு மோசமில்லை. எந்தத் திட்டத்தையும் விற்காமலே அந்த மாலைப்பொழுதை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க முடியும். கட்டணத்தை மட்டும் மாசியில்தான் கேட்க வேண்டியிருக்கும்.